முற்றத்து இயற்கையும் இரவல் இளவேனிலும்

தமிழ் இலக்கியம் இயற்கையோடு பிறந்து இயற்கையோடு வளர்ந்தது என்று கூறாத இலக்கிய வரலாற்று நூல் இல்லை. தமிழ் மாணவரும் இக்கருத்தைத் தேர்வுத்தாளில் தவறாமல் எழுதுவர். ஆயின், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுதப்படும் தமிழ்க் கவிதைகளிலும் கதைகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் இடம்பெறும் இயற்கை எந்த மண்ணின் இயற்கை என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. இயற்கை வருணனை இருக்கிறதா என்று பார்க்கும் திறனாய்வு, அவ்வருணனை கண்ணால் கண்டதா, ஏட்டில் படித்ததா என்று பார்ப்பதில்லை. இப்பகுப்பைச் செய்யாத வரையில் இயற்கை வருணனை பற்றிய எம்மதிப்பீடும் முழுமை பெறாது.

பள்ளிக் கட்டுரைகளில் பழகிப்போன வருணனைகள் சில உள. காலை என்றால் குளத்தில் தாமரை மலரும். இளவேனில் என்றால் மாமரம் தளிர்க்கும், குயில் கூவும். மார்கழி என்றால் புல்நுனியில் பனி உறையும். மாலை என்றால் பசுக்கூட்டம் மணியோசையுடன் வீடு திரும்பும். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. இவை பிறந்த மண்ணில் இவை மெய். அம்மண்ணின் புலவர்கள் கண்டு சொன்னவை. ஈப்போவில் மாடிவீட்டில் வாழும் மாணவனும், சிங்கப்பூரில் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தளத்தில் வாழும் மாணவியும் தத்தம் வீட்டைச் சுற்றியுள்ள இயற்கை என்று இவற்றையே எழுதும்போதுதான் குறை தோன்றுகிறது. சன்னலுக்கு வெளியே இருப்பது ஒன்று. தாளில் இறங்குவது மற்றொன்று.

அணிலைச் சான்றாகக் கொள்ளலாம். 'அணில்' என்னும் தலைப்பில் எழுதச் சொன்னால், முதுகில் மூன்று கோடுகள் உடையது என்றே மாணவர் எழுதுவர்; இராமபிரான் தடவிய கதையும் தொடர்ந்து வரும். தமிழகத்து அணிலுக்கு அக்கோடுகள் உண்டு. ஆனால், மலேசியத் தோட்டங்களிலும் சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும் மரத்துக்கு மரம் தாவும் அணிலுக்கு முதுகில் கோடுகள் இல்லை. அதன் முதுகு பழுப்பு நிறம், வயிறு செம்மை, விலாப்புறத்தில் வெண்மையும் கருமையுமான பட்டை ஓடும். நாள்தோறும் அதனைக் காணும் மாணவனே இல்லாத கோடுகளை அதன் முதுகில் வரைகிறான். கண்டதை நம்பாமல் படித்ததை நம்பப் பழகிய கண்ணுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சங்கப் புலவர் கண்ட அண்மை

இந்நிலைக்கு மரபைக் காரணம் காட்டுவோர் உளர். பழந்தமிழ் இலக்கியத்தில் ஊறியதனாலேயே இவ்வருணனைகள் வருகின்றன என்பது அவர்தம் வாதம். சங்க இலக்கியத்தை உற்று நோக்கின், உண்மை இதற்கு நேர்மாறாக இருப்பதைக் காணலாம்.

குறுந்தொகையின் 46ஆம் பாடலில் வருவது மயிலும் அன்றிலும் அன்று. வீட்டில் வாழும் குருவி. வாடிய ஆம்பல் இதழின் நிறத்தில் அதன் சிறகு குவிந்திருப்பதைப் புலவர் காண்கிறார். முற்றத்தில் காயவைத்த தானியத்தை அது உண்பதையும், மன்றத்து எருவின் பொடியில் குடைந்து ஆடுவதையும், பின்னர் இறப்பில் தன் குஞ்சுடன் தங்குவதையும் காண்கிறார். இவ்வளவும் வீட்டு வாசலில் நின்றபடியே காணத்தக்கவை. இவற்றைக் கூறிவிட்டு, தலைவன் சென்ற நாட்டில் துயர் தரும் இத்தகைய மாலைப்பொழுது இல்லையோ என்று தலைவி கேட்கிறாள். எளிய குருவி ஒன்று பிரிவின் முழுத் துயரையும் தாங்கி நிற்கிறது.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையும் இத்தகையதே. விடாமழையில் கதிரவன் மறைந்துவிட, பறித்து வைத்த பிச்சியின் அரும்பு அவிழ்வதைக் கொண்டே மகளிர் மாலை வந்ததை அறிகின்றனர். வீட்டுப்புறா இரை தேட வெளியே செல்லாது, இரவென்றும் பகலென்றும் அறியாது, இருந்த இடத்திலேயே மாறி மாறி அமர்கிறது. கூதிர்க்காலம் என்று பெயர் சொல்வதோடு புலவர் நிற்கவில்லை. அக்காலம் ஒரு வீட்டுக்குள் எவ்வாறு நுழைந்தது என்று காட்டுகிறார். பத்துப்பாட்டின் பெருமைகளுள் இவ்வண்மைக் காட்சியும் ஒன்று.

ஆகவே, சங்கப் புலவரைப் பின்பற்றுவது என்பது அவர் கண்ட பொருள்களைத் திரும்பச் சொல்வது அன்று. அவர் கண்டவாறு காண்பது. தொல்காப்பியர் வகுத்த திணைக் கோட்பாடும் இதனையே வலியுறுத்துகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்பட்டன. அந்நிலத்தின் மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் உணவும் கருப்பொருள் ஆயின. மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் ஆயிற்று. நிலம் மாறினால் பொழுது மாறும், கருப்பொருளும் மாறும். குறிஞ்சியின் பொருளை நெய்தலுக்குக் கொண்டு செல்வதைத் திணைமயக்கம் என்று வரையறுத்து ஆராய்ந்த மரபு, ஒரு நாட்டின் பொழுதை மற்றொரு நாட்டுக்கு ஆராயாமல் ஏற்றுமதி செய்வதை ஒருநாளும் ஏற்றிருக்காது.

1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்திய தனிநாயகம் அடிகள், சங்கக் கவிதைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை ஆங்கிலத்தில் விரிவாக ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1966ஆம் ஆண்டு முதல் உலகத் தமிழ் மாநாடும் கோலாலம்பூரிலேயே கூடியது. பண்டைத் தமிழரின் நிலவுணர்வைப் பற்றிய ஆய்வு இவ்வளவு செழித்த ஊரில், அவ்வூரின் மரமும் பறவையும் தமிழ் எழுத்தில் போதிய இடம் பெறவில்லை என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பருவம் இல்லாத நாடா?

'இந்நாட்டில் பருவமே இல்லை. ஆண்டு முழுதும் வெயிலும் மழையுந்தான்' என்பது அடிக்கடி கேட்கும் கூற்று. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் பகலின் நீளமும் வெப்பமும் ஆண்டு முழுதும் பெரிதும் மாறுவதில்லை என்பது உண்மை. ஆயினும் பருவம் இல்லை என்பது உண்மையன்று. ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அதன் முற்பகுதியில் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக்கரை மாநிலங்களில் பெருமழையும் வெள்ளமும் உண்டாகின்றன. சிங்கப்பூரிலும் மழை விடாது பெய்து, வெப்பம் 22, 23 பாகைக்கு இறங்கும் நாள்கள் உண்டு. நெடுநல்வாடையில் வீசும் வாடையும் வடதிசைக் குளிர்காற்றே. அதற்கு உறவான காற்று இங்கும் சன்னலைத் தட்டுகிறது. அதனை வாடை என்று அழைக்கத்தான் ஒருவரும் முன்வருவதில்லை. மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றின் காலம். இரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல்தோறும் இடியும் மின்னலும் கூடி மழை கொட்டும்.

இதனை ஏட்டால் அறியாமல் உடலால் அறிந்தவர் தோட்டத் தொழிலாளர். 1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பின்னர்த் தீபகற்பம் எங்கும் பரவிய அம்மரத்துக்குத் தொழிலாளர் 'பால்மரம்' என்று பெயரிட்டனர். அகிலன் தம் நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயர் சூட்டியபோது, அச்சொல் ஏட்டிலிருந்து பிறக்கவில்லை, வெட்டுக்காட்டிலிருந்து பிறந்தது. அம்மரத்துக்கு ஒரு முழுமையான பருவச் சுழற்சி உண்டு. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலைகள் மஞ்சளாகியும் சிவந்தும் உதிரும், காடு வெளிச்சமாகும், காலடியில் சருகு நொறுங்கும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடும். பின்னர்ச் சிறுசிறு மஞ்சள் பூக்கள் மணம் வீசத் தேனீக்கள் மொய்க்கும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் காய்கள் வெயிலில் 'பட்டென' வெடித்து, வரிவரியான விதைகளைத் தொலைவில் எறியும். அவ்விதைகளைப் பொறுக்கி விளையாடாத தோட்டத்துப் பிள்ளைகள் இரார்.

இலையுதிர் காலம் தொழிலாளர்க்கு வெறும் காட்சியாக இருந்ததில்லை. அக்காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் வருவாய் குறையும். விடியற்கு முன் பெய்யும் மழையும் அப்படியே. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. பெரட்டுக் களத்தில் நின்றவர் வெறுங்கையுடன் லயத்துக்குத் திரும்ப வேண்டும். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்பதும், பின்பனி பாலைத் திணைக்கும் உரிய பொழுது என்பதும் இலக்கணம் கற்றார் அறிவர். அதே மாசி பங்குனியில் இலையுதிர்ந்து வறண்டு நிற்கும் பால்மரக் காட்டையும், வருவாய் குறைந்து கலங்கி நிற்கும் குடும்பத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், முதலும் கருவும் உரியும் தாமே இணைந்து நிற்பதைக் காணலாம். இத்துணை இயல்பாக அமைந்த பாலை கையருகில் இருக்க, கண்டறியாத பாலைநிலத்தை வருணிப்பது ஏன்?

இப்பொழுது தோட்டங்களின் தோற்றமும் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. செம்பனை இலையுதிர்த்து ஒருசேர வெறுமையாவதில்லை. ஆண்டு முழுதும் குலை தள்ளும். எனவே ஒரு தலைமுறை அறிந்திருந்த பருவக் குறிப்பு, மரத்தோடு சேர்ந்து மறைகிறது. அதனை உடலால் அறிந்த பாட்டனும் பாட்டியும் இருக்கும்போதே தமிழில் எழுதி வைக்காவிடின், அவ்வறிவு பின்னர்க் கிட்டாது.

நகரத்து வாசலில்

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்க்கு இயற்கை ஏது என்று கேட்கலாம். நகரத்தில் அது குறைந்திருக்கிறதே அன்றி அற்றுப்போகவில்லை. சாலையோரம் நிழல் பரப்பும் அங்சானா மரத்தைக் காண்க. சிங்கப்பூரைப் பூங்கா நகரமாக்கும் திட்டம் 1967இல் தொடங்கியபின் விரைவில் நிழல் பெறுவதற்காக நடப்பட்ட மரங்களுள் இதுவும் ஒன்று. மலேசிய நகரங்களிலும் இதனைக் காணலாம். திடீரென ஒருநாள் மரம் முழுதும் பொன்னிறமாய்ப் பூக்கும். மறுநாளே உதிர்ந்து சாலையை மூடும். இது சங்கப் புலவர் போற்றிய வேங்கையின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வேங்கைப் பூ உதிர்ந்த துறுகல் புலிக்குட்டி போலத் தோன்றுவதைக் குறுந்தொகையின் 47ஆம் பாடல் காட்டுகிறது. அங்சானா நிழலில் நிறுத்திய கரிய மகிழுந்தின்மேல் அதே பொற்பூ இரவெல்லாம் உதிர்ந்து கிடப்பதை ஆயிரவர் காண்கின்றனர். ஆயினும் வேங்கையைத் தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவனுக்கு, பள்ளி வாயிலில் நிற்பது வேங்கையின் உறவு என்று சொல்வார் இல்லை.

சிட்டுக்குருவியும் அவ்வாறே. இங்குப் பெரிதும் காணப்படும் குருவியின் வெண்கன்னத்தில் கரும்புள்ளி ஒன்று உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் உடையவை. தமிழகத்து வீட்டுக்குருவியில் ஆண் வேறு, பெண் வேறாகத் தோன்றும். குறுந்தொகைப் புலவர் சிறகின் நிறத்தைக் கண்டாற்போல இக்கன்னத்துப் புள்ளியைக் காண்பதற்கு உணவங்காடியில் பத்து நிமிடம் அமர்ந்தால் போதும்.

காகத்துக்கோ ஒரு வரலாறே உண்டு. சாம்பல்நிறக் கழுத்துடைய காகம் 1890களில் காப்பிச் செடியின் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர் மனிதர் மட்டும் அல்லர். அமாவாசைச் சோற்றுக்காகக் காத்திருக்கும் அப்பறவையின் கதையைக் கூறும்போது ஒரு சமூகத்தின் கதையும் உடன்வருகிறது.

விருந்தாக வரும் புள்ளினமும் உண்டு. வடதிசைக் குளிர் தொடங்குமுன் தகைவிலான் குருவிகள் தெற்கே வருகின்றன. பகாங் மாநிலத்துப் பெந்தோங் நகரில் அந்திவேளையில் மின்கம்பிகளின்மேல் அவை ஆயிரக்கணக்கில் வரிசையாக அமர்வதைக் காணலாம். ஏப்ரல் அளவில் கம்பிகள் வெறுமையாகும். வரவும் செலவும் நாள்தவறாத இவ்விருந்தினரே இந்நாட்டுப் பெரும்பொழுதின் அறிவிப்பாளர். சிறுபொழுதைக் கூறுவோரும் உளர். ஆறு மணியளவில் மரங்களிலிருந்து சிள்வண்டு ஒருசேர ஒலிக்கத் தொடங்கினால், கடிகாரம் பாராமலே மாலை வந்ததை அறியலாம். பிச்சியின் அரும்பைக் கொண்டு பொழுதறிந்த மகளிரின் வழி இதுவே.

அண்மை இயற்கையில் இனியவை மட்டுமே உள என்பதும் இல்லை. 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகை கடல் கடந்து வந்து வானத்தை மூடியது, பள்ளிகள் அடைக்கப்பட்டன. அதனையும் எழுத வேண்டும். இன்பத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதுவது வருணனையாகலாம், இயற்கையை அறிந்ததாகாது.

இரு தடைகள்

இவ்வாறு எழுதுவதற்கு இரண்டு தடைகள் கூறப்படுவதுண்டு. முதலாவது, பிறமொழிப் பெயர்கள் கலந்து தமிழின் தூய்மை கெடும் என்பது. அங்சானா, டுரியான், ரம்புத்தான் என்பன தமிழல்ல, உண்மை. ஆயின், கண்முன் நிற்பதைப் பெயர் சொல்லி அழைக்காத தூய்மையால் மொழிக்கு என்ன நன்மை? பெயர் இல்லாதபோது பெயர் படைக்கும் ஆற்றலும் தமிழர்க்கு உண்டு. கல்வியறிவு பெறாத தொழிலாளர் 'பால்மரம்' என்று பெயர் தந்தனர். 'செம்பனை' என்பதும் இந்நாட்டில் வேரூன்றிய சொல்லே. வேண்டிய இடத்தில் கடன் கொள்ளலாம். இயலும் இடத்தில் பெயர் சூட்டலாம். இரண்டையும் செய்யாமல் தாமரையையே எழுதுவதுதான் மொழியை வறுமையாக்கும்.

இரண்டாவது தடை இதற்கு மறுதலையானது. உள்நாட்டுப் பெயர்கள் சிலவற்றைச் சேர்த்துவிட்டாலே மண்மணம் வந்துவிடும் என்று கருதுவோர் உளர். செம்பருத்தியையும் ஆர்க்கிட்டையும் தேசிய மலர்கள் என்று குறிப்பிட்டு, நான்கு பழங்களை அடுக்கி முடித்தால் அதுவும் ஏட்டறிவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கினார் என்பதை இவர்கள் சான்று காட்டலாம். ஆனால், அம்மலர்கள் பட்டியலுக்காக வந்தவை அல்ல. அருவியில் ஆடிய தலைவியும் தோழியும் இளமையின் களிப்பில் அலைந்து திரிந்து பறித்துப் பாறைமேல் குவித்தவை. அவ்வலைச்சலும் களிப்பும் நீங்கினால் எஞ்சுவது பெயர் நிரல் மட்டுமே. பெயர் வேண்டும், பெயரோடு அதைக் கண்டவரின் வாழ்வும் வேண்டும்.

ஆசிரியர் கையில்

இக்குறையைக் களையும் திறன் பெரிதும் ஆசிரியரிடமே உள்ளது. ஒரு மாணவி, 'எங்கள் வீட்டுக் கால்வாயில் உடும்பு ஒன்று நீந்தியது. அதன் நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தது' என்று எழுதுகிறாள் எனக் கொள்வோம். மற்றொருத்தி, 'சோலையில் புள்ளினங்கள் இன்னிசை பாடின' என்று எழுதுகிறாள். பின்னவள் தொடரில் சொல்வளம் இருப்பதாகக் கருதி மதிப்பெண் கூட்டுவதும், முன்னவளிடம் இலக்கிய நயம் இல்லை என்று குறைப்பதும் எங்கும் நிகழக்கூடியவை. சங்கப் புலவரின் வழியில் நிற்பவள் முன்னவளே. பிளந்த நாவைக் கண்டவளுக்கு மதிப்பெண் குறைந்தால், அடுத்த முறை அவளும் சோலைக்குச் சென்று விடுவாள்.

செய்யத்தக்கவை எளியவையே. வகுப்பறைச் சுவரில் ஒரு பருவ நாட்காட்டி தொங்கலாம். பள்ளி வளாகத்து மரம் பூத்த நாள், முதல் தகைவிலானைக் கண்ட நாள், பிற்பகல் இடிமழை தொடங்கிய வாரம், டுரியான் கடைக்கு வந்த நாள் ஆகியவற்றை மாணவரே அதில் குறிக்கலாம். ஈராண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டால், பருவம் இல்லை என்னும் கூற்று அவர்கள் கையெழுத்தாலேயே மறுக்கப்படும். ஐங்குறுநூறு கற்பிக்கும்போது, அப்பாடலின் கருப்பொருளுக்கு நிகராகப் பள்ளியைச் சுற்றிக் காண்பது எது என்று வினவலாம். செய்யுளும் விளங்கும், சுற்றமும் விளங்கும்.

இஃது இலக்கிய நயத்தோடு முடியும் பொருளன்று. வீட்டு வாசலில் நிற்கும் மரத்தை மலாய்மொழியில் மட்டும் அறிந்து, சன்னலில் அமரும் பறவையை ஆங்கிலத்தில் மட்டும் அறியும் குழந்தைக்குத் தமிழ் எதற்குரிய மொழியாகும்? தேர்வுக்கும் திருவிழாவுக்கும் உரிய மொழியாகவே எஞ்சும். கண்முன் உள்ளதைச் சொல்ல உதவாத மொழியைக் குழந்தைகள் வெறுப்பதில்லை, மெல்ல மறந்துவிடுகின்றனர்.

தலைவன் சென்ற நாட்டில் குருவியும் துயர்தரும் மாலையும் இல்லையோ என்று அன்று தலைவி வினவினாள். கடல் கடந்து வந்த தமிழர்தம் எழுத்து அவ்வினாவுக்கு இன்னும் முழுமையாக விடை கூறவில்லை. இந்நாட்டிலும் மாலை உண்டு, குருவியும் உண்டு. அதன் கன்னத்தில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. அதனைக் கண்டு தமிழில் எழுதும் மாணவரை உருவாக்குவதே இங்குத் தமிழ் கற்பிப்போர் கடன்.